பக்கத்து இடத்தில் ஒரு துண்டு

எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே திருப்பதி பஸ் நிற்கிறது. புத்தூரிலிருந்து திருப்பதிக்கு வேலைக்குப் போகிற அத்தனை பேரும் அதில்தான் போகிறார்கள். என் வீட்டுக்காரர் அசரியா மட்டும் கோழி கூவும்போதே எழுந்து, ஸ்டேஷனுக்கு நடந்து, ரேணிகுண்டாவில் பாதி நேரம் படுத்துக்கிடக்கிற பாசஞ்சரில் போவார். ஏனென்று கேட்டால், "பழக்கமாயிடுச்சு ஜெயகுமாரி" என்பார். பழக்கமாம்! எந்த மனுஷன் பழக்கத்துக்காகத் தூக்கத்தை விடுவான்?

பக்கத்து வீட்டுச் செங்கம்மா வேறு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள். "அக்கா, உங்காளு வண்டிக்கோசரம் போறாரா, வண்டியில வர்றவளுக்கோசரம் போறாரா?"

"வாய மூடுடி" என்று அதட்டினேன். ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் சட்டையை மோந்து பார்த்தேன். ஞாயிறு சர்ச் ஆராதனையில் பெண்கள் பக்கம் திரும்புகிறாரா என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில், ஐயர் செய்த பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. எவளாவது இருந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நாகலாபுரத்தில் அம்மா வீட்டுக்கே போய்விடுவது என்று துணிமணியெல்லாம் மூட்டை கட்டிவிட்டேன்.

ஒரு நாள் பிள்ளையைச் செங்கம்மாவிடம் விட்டு, முக்காடு போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். அவர் ஏறிய பெட்டியிலேயே அடுத்த வாசலில் ஏறி, ஒரு பூக்காரி பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தேன். இவர் பையிலிருந்து துண்டை எடுத்தார். பக்கத்தில் ஜன்னலோர இடத்தில் விரித்துப் போட்டார். இடம் பிடிக்கிறார்! வரட்டும் அந்த மகராசி, கொண்டையைப் பிடித்து ஆட்டுகிறேன் என்று காத்திருந்தேன்.

பூடி ஸ்டேஷனில் ஒரு சின்னப் பெண் ஏறினாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அவள் தன்பாட்டுக்கு நின்றுகொண்டே வந்தாள். ஒரு தடியன் துண்டை நகர்த்தப் போனான். "ஆளு வர்றாங்க" என்றார் இவர். ரேணிகுண்டாவும் வந்து போயிற்று. ஒருத்தியும் வரவில்லை.

பொறுக்க முடியாமல் பூக்காரியைக் கேட்டேன். "யாருக்கும்மா அந்த எடம்?"

"அவுரு பொண்டாட்டிக்கு. மின்ன ரெண்டு பேரும் ஒண்ணா வேலைக்குப் போய்க்கினு இருந்தாங்களாம். அந்தம்மா செத்துப் போயி வருஷக்கணக்காவுது. பாவம், இவுருக்கு இன்னும் கை நிக்கல. தெனம் துண்டு போட்டுடுவாரு."

பிள்ளை வயிற்றில் வந்ததும் திருப்பதியில் டீச்சர் வேலையை விட்டவள் நான். அதுவரை இதே வண்டியில், அந்த ஜன்னலோரம்தான் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு அது சுத்தமாக மறந்தே போயிருந்தது.

விடுவிடென்று போய் அவர் முன்னால் நின்று முக்காட்டைத் தள்ளினேன். "இன்னாங்க, என்னைச் சாவடிச்சுட்டீங்களா?"

அவர் வெலவெலத்துப் போனார். "ஐயையோ, நான் அப்படிச் சொல்லல, ஜெயகுமாரி. வர்றாங்கன்னுதான் தெனம் சொன்னேன். நீ வரவே இல்லியா, அவுங்களே அப்படி நெனச்சிக்கினாங்க."

அத்தனை பேர் எதிரில் ஓவென்று அழுதுவிட்டேன். பூக்காரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். அவர் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் உட்கார்ந்தேன்.

"நாளைக்கும் வர்றியா?" என்றார்.

"புள்ளைய யாரு பாத்துக்குவாங்க?" என்று எரிந்து விழுந்தேன். திருப்பதி வந்து பெட்டி காலியான பிறகும் எழுந்திருக்க எனக்கு மனசே வரவில்லை.