ஒரே ஒரு தடவை கேட்டவன்

மினசோட்டாவின் வடக்கே, பெர்ச் ஏரிக்கரையில் கேரவனை நிறுத்திக் கோடையைக் கழிக்கும் ஜனங்களுக்கென்று ஒரு மரியாதை உண்டு. எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவை, உங்களுக்கு எதற்கு வீண் சிரமம் என்பார்கள். மூன்றாம் தடவை, நீங்கள் இவ்வளவு தூரம் சொல்லும்போது என்று இழுத்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்கள். கடைத்தெருவில் நாலு நாள் புழங்கியவனுக்கு இது புதிதல்ல. முதலில் சொன்ன விலையை எந்தப் பைத்தியக்காரன் விலை என்று நம்புவான்?

நம்புகிற ஒருவன் அந்த வசந்தத்தில் அந்தக் கேரவன் முகாமையே விலைக்கு வாங்கிவிட்டான். பெயர் ட்ராவிஸ். டெக்ஸாஸ்காரன். ஆர்டிஸின் வயிற்றெரிச்சல் அங்கேதான் தொடங்கியது.

ஆர்டிஸ் பள்ளிச் சமையலறை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். அவள் கணவன் ஹார்லன், சாலையில் பனி தள்ளும் லாரியை ஓட்டி ஓய்வு பெற்றவன். வருடா வருடம் அவர்களுடைய கேரவன் நிற்பது பின்வரிசையில், துணி துவைக்கும் கொட்டகையின் முதுகுப்பக்கம். ஏரியை ஒட்டிய முன்வரிசையில் இருப்பவர்கள் செத்தால் அல்லது வெயில் தேடி அரிசோனாவுக்கே போய்விட்டால்தான் அங்கே இடம் காலியாகும். அதுவரை காத்திருப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் போன குளிர்காலத்தில் ஹார்லனுக்கு ஆபரேஷன் செய்து இடுப்பு மூட்டை மாற்றிவிட்டார்கள். படகுத்துறையைச் சுற்றிக்கொண்டு சரிவில் இறங்கி ஏரிக்குப் போவது இனி அவனால் ஆகாது. தூண்டில் போடாத கோடை ஹார்லனுக்குக் கோடையே இல்லை.

தெய்வம் கண் திறந்த மாதிரி முன்வரிசையில் ஒரு இடம் காலியானது. வாசற்படியிலிருந்து தூண்டிலை வீசினால் தண்ணீரில் விழும். ட்ராவிஸ் தன் குட்டி வண்டியில் வந்து இறங்கி, முன்னாடி வர்றீங்களா என்று கேட்டான். ஹார்லன் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஐயையோ எங்களுக்கெதுக்கு, தேவைப்படுறவங்க யாருக்காவது குடுங்க என்றான். ஆர்டிஸ் உள்ளே போய்க் காப்பி வைத்தாள். இரண்டாவது கேள்வி காப்பியோடுதானே வரும்?

கோப்பைகளோடு வெளியே வந்தபோது குட்டி வண்டி வளைவைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"போயிட்டானா?"

"சரிங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டான்" என்றான் ஹார்லன், கன்னத்தில் அறை வாங்கியவனைப் போல.

அந்த இடத்துக்குச் சிகாகோவிலிருந்து ஒரு வண்டி வந்தது. வண்டி என்றா சொல்வது? சக்கரம் வைத்த கல்யாண மண்டபம். அது நின்றதும் பின்வரிசைக்குத் தெரிந்துகொண்டிருந்த துளி ஏரியும் மறைந்துபோனது. அதன் சொந்தக்காரர் லென் என்பவர் முதல் வேலையாகக் கூரையில் டிவிக்கான டிஷ் குடையை நிமிர்த்தினார். இரண்டாவது வேலையாக, திரையில் வெளிச்சம் அடிக்கிறதென்று ஏரிப்பக்கத்துச் சன்னல்கள் அத்தனையையும் இழுத்து மூடினார்.

ஆர்டிஸ் நேரே அலுவலகத்துக்குப் போனாள்.

"நான் கேட்டேனேம்மா. ஐயாதான் வேணாம்னாரு" என்றான் ட்ராவிஸ்.

"ஒரு தடவை கேட்டா அதுக்குப் பேரு கேள்வியா தம்பி?"

"எங்க ஊர்ல வேணாம்னா வேணாம்தாம்மா."

"உங்க ஊர்ல விருந்தாளி பசியோடதான் வீட்டுக்குப் போவான் போல."

அவன் சிரித்தான். கெட்ட பையன் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டினாலும் ஒட்டாத முகம். கோடை முடியும்வரை அந்த இடத்தைச் சிகாகோக்காரர் பேசி முடித்துவிட்டார், ஒன்றும் செய்வதற்கில்லை என்று கையை விரித்தான்.

அதற்குப் பிறகு ஹார்லன் கொட்டகைச் சுவரைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்து, ஏற்கெனவே பளபளக்கும் தூண்டில் உருளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். பரவாயில்லை, மோசமில்லை, இதைவிடக் கஷ்டம் எத்தனையோ பேருக்கு என்றான். அவன் பரவாயில்லை என்று சொல்லச் சொல்ல ஆர்டிஸுக்கு ரத்தம் கொதித்தது. டெக்ஸாஸ்காரன்மேல் பாதிக் கோபம், சிகாகோக்காரர்மேல் பாதிக் கோபம் என்று பங்கு போட்டு வைத்திருந்தாள். இப்போது புருஷனுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டியதாயிற்று.

ஒரு காலையில் மடக்கு நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவன் கையைப் பிடித்து எழுப்பினாள்.

முகாமில் கொலையைக்கூட மன்னிப்பார்கள். அடுத்தவர் இடத்தின் குறுக்கே நடப்பதை மன்னிக்க மாட்டார்கள். பந்து உருண்டு போனால்கூடச் சுற்றிப் போய்த்தான் எடுக்க வேண்டும். ஆர்டிஸ் அந்தச் சிகாகோ மண்டபத்தின் பந்தலுக்கும் அடுப்புக்கும் நடுவே, நட்டநடுவில் நடந்தாள். குறுக்கே கிடந்த கழிவுநீர்க் குழாயை ஹார்லன் ஊன்றுகோலோடு தட்டுத்தடுமாறித் தாண்டினான். அக்கம்பக்கத்துக் காப்பிக் கோப்பைகள் எல்லாம் பாதி வழியில் நின்றன. கரையில் நாற்காலியை விரித்து அவனை உட்கார வைத்தாள்.

கதவு திறந்து, லென் அரைக்கால் சட்டையோடு வெளியே வந்தார்.

"இது எங்க இடம்மா."

"உங்க இடந்தான். தூக்கிட்டா போறேன்?" என்றாள் ஆர்டிஸ். "சன்னலை மூடிக்கிட்டுப் பாக்குற டிவியைத் துணி துவைக்கிற கொட்டகை பக்கம் உக்காந்து பாத்தாலும் அதே படம்தான் ஓடும். இந்த மனுஷனுக்கு அங்கேருந்து மீன் புடிக்கத் தெரியாது."

"மன்னிச்சுக்கணும் சார், நாங்க இப்பவே..." என்று ஹார்லன் எழப் பார்த்தான்.

"நீ இன்னைக்கு ஒரு தடவை மன்னிப்புக் கேட்டாலும் உன்னைத் தண்ணிக்குள்ள தள்ளிடுவேன். உக்காரு."

லென் ஊன்றுகோலைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். ஏரியையும், வந்த நாளிலிருந்து முதல் தடவையாக இருக்கலாம், கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் அவர்கள் வந்தபோது குழாய் வண்டியின் அந்தப் பக்கத்துக்கு மாறியிருந்தது. நடக்கிற அகலத்துக்கு வழி விட்டு, நாற்காலிகளையும் ஒதுக்கிப் போட்டிருந்தார்கள்.

ஹார்லனுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு எலுமிச்சைக் கேக்காவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாமா என்றான்.

"எதுக்கு? குழாயை நகர்த்தினதுக்கா?" என்றாள் ஆர்டிஸ். "வண்டியை நகர்த்தட்டும், கல்யாண விருந்தே போடுறேன்."

ஹார்லன் தூண்டிலைத் தண்ணீரில் வீசினான். அவள் மண்டபத்துக்கு முதுகைக் காட்டியபடி, இன்னும் ஆறாத முகத்தோடு அவன் பக்கத்தில் நின்றாள்.