வேண்டாத மடிப்பு

மனைவி இறந்து இருபத்தாறு நாள் ஆகியும் லிஃப்ட் மெக்கானிக் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழுதிருந்தாலாவது சுற்றியிருந்தவர்கள் நிம்மதியாக இருந்திருப்பார்கள். மனுஷன் ஒரே வாரத்தில் வேலைக்குப் போனார். போட்டதைச் சாப்பிட்டார், உப்பில்லை என்றுகூடச் சொல்லவில்லை. "கல்லுளிமங்கன்" என்றாள் மாமியார், அவர் காதுபடவே. அதுவும் உறைக்கவில்லை.

மச்சினிதான் பேச்சை எடுத்தாள்.

"அத்தான், அக்கா இருபத்துநாலு ஜோடி கம்மல் செஞ்சு முடிச்சு வச்சிருக்கா. கடைக்காரம்மா அடுத்த சனிக்கிழமைக்குள்ள கேக்குறாங்க. பெட்டிதான் இல்ல."

தையல்கடையில் தூக்கிப்போடும் வெட்டுத்துணியைப் பித்தான்மேல் இழுத்துக் கட்டிச் செய்த கம்மல்கள். அவற்றுக்குப் பழைய காலண்டர் தாளில் அவளே பெட்டி மடிப்பாள். பசை கிடையாது, பின் கிடையாது. "நீ என்னோட குடும்பம் நடத்துறியா, காகிதத்தோட நடத்துறியா?" என்று இவர் கிண்டல் செய்வார். "காகிதம் சொன்னா கேக்குது" என்பாள். வாய்க்குக் குறைச்சல் இல்லாதவள்.

"வேற டப்பா வாங்கிப் போட்டுடலாமே" என்றார் இப்போது.

"அக்கா செஞ்ச கடைசிச் சரக்கு அத்தான். ஏதோ ஒரு டப்பாவுல போட்டா அவ செஞ்சதுன்னு எப்படித் தெரியும்? ஆனா எனக்கும் மடிக்கத் தெரியாதே."

பீரோவில் ஒரே ஒரு பெட்டி இருந்தது. அவள் கடைசியாக மடித்தது. மடிக்கும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அதைப் பிரித்தாக வேண்டும். பிரித்துவிட்டால் அவள் கைபட்ட மடிப்பு என்று வீட்டில் ஒன்றுகூட மிஞ்சாது. மூன்று நாள் அதை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். துக்கம் வருமென்று பார்த்தார். வரவில்லை. அவருக்கே அது பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார். எந்த மோட்டாரைக் கழற்றினாலும் ஒவ்வொரு பாகத்துக்கும் பென்சிலால் எண் போடுவது அவர் பழக்கம். பெட்டியையும் அப்படித்தான் பிரித்தார். ஒரு மடிப்பு திறந்தால் ஒரு எண். கடைசியில் வெறும் தாள் கிடந்தது; மடிக்கும் வரிசைக்கு எண்களைத் தலைகீழாக்கிக்கொண்டார். நாலாம் மடிப்பின் ஓரமாக, கொஞ்சம் கோணலாக, எதில் சேர்ந்ததென்று புரியாத ஒரு கோடும் இருந்தது. காரணமில்லாமல் ஒரு பாகம் இருக்காது என்பது அவர் தொழிலில் படித்த பாடம். அதற்கும் ஐந்து என்று எண் போட்டார்.

முதல் இரண்டும் கசங்கி நாசமாயின. மூன்றாவது நின்றது. கடைசி மூலையை உள்ளே தள்ளியதும் அது முதல் மூலையை அழுத்திப் பூட்டிக்கொண்டது. "அடிப்பாவி!" என்றார் தன்னையறியாமல். இருபது வருஷமாக லிஃப்ட் கதவுப் பூட்டுகளோடு மல்லுக்கட்டுகிறார். வீட்டுக்குள்ளேயே ஒருத்தி வெறும் தாளில் பூட்டுப் போட்டிருக்கிறாள்! ஒருநாளாவது எடுத்துப் பார்த்தோமா என்று நினைத்தார்.

சாயங்காலம் மச்சினி வந்தபோது பதினோரு பெட்டிகள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பார்த்தபடியே இருந்தாள்.

"அத்தான், இந்த அஞ்சாம் நம்பர் எதுக்கு? மடிச்சு, உடனே பிரிச்சுடுறீங்க. அது எதையும் பிடிக்கலையே?"

"அவ பெட்டியில இருந்துச்சே."

அவள் பழைய தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். "ஐயோ அத்தான்! இது அக்கா தப்பா மடிச்சுட்டுத் திருத்தினது. தப்பையும் சேர்த்துப் பதினோரு பெட்டியில போட்டு வச்சிருக்கீங்களே!"

மெக்கானிக் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துண்டு கேட்டேன்" என்றார்.

"என்னது?"

"குளிக்கப் போயிட்டு, துண்டு கொண்டான்னு கத்தினேன். அவ மடிச்சுக்கிட்டிருந்தா. 'உங்க சத்தத்துல கோணலாயிடுச்சு பாருங்க'ன்னு திட்டிக்கிட்டே கொண்டாந்தா. ஒரு காகிதந்தானேன்னு சொன்னேன்."

அடுத்த தாளை இழுத்தார். இத்தனை நாளும் எங்கே கிடந்ததோ, கண்ணீர் மடைதிறந்த மாதிரி வந்தது. தாள் நனைந்து போயிற்று.

"இனிமே அதை விட்டுடுங்க அத்தான்" என்று சொல்லத்தான் மச்சினி வாயெடுத்தாள். சொல்லவில்லை. நனைந்த தாளை எடுத்து ஓரமாக வைத்தாள். புதிதாக ஒன்றை எடுத்து, நாலுவரைக்கும் மடித்தாள். பிறகு ஐந்தையும் கோணலாக மடித்து, பிரித்து, அவரிடம் நீட்டினாள்.