ராஜபாளையம் கறுத்துவிட்டது

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஒரு கம்பெனியில் பாண்டிச்செல்வி டிசைனராக இருந்தாள். முருகன் படத்துக்கும் லட்சுமி படத்துக்கும் கீழே கடைப் பெயர்களைப் பொருத்துவது அவள் வேலை. வேலைக்கு நடுவே இணையத்தில் செயற்கைக்கோள் எடுத்த மேகப் படம் பார்க்கும் பழக்கம் இருந்தது. 2007 ஐப்பசியில் ஒருநாள், அப்படிப் படம் பார்க்கிறவர்கள் கூடிப் பேசும் ஒரு மழைக்குழு அவள் கண்ணில் பட்டது.

இருநூறு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் சென்னைக்காரர்கள். கடிதம் போல வணக்கம் சொல்லித் தொடங்கி, கீழே பெயரும் ஊரும் போட்டு முடிப்பார்கள். குழுவை நடத்திய ராம்குமார், நங்கநல்லூரில் இருந்த மென்பொருள் பொறியாளர், விதிகளில் கறாரானவர். காலை எட்டரை மணிக்கு அளந்த மழையை மில்லிமீட்டரில் எழுத வேண்டும். 'இங்கே மழை' என்று ஒற்றை வரி எழுதக் கூடாது. எழுதினால் நீக்கிவிடுவார்.

பாண்டிச்செல்விக்கு அது பிடித்திருந்தது. தாயில்பட்டி வீட்டு மாடியில் ஒரு மழைமானி வைத்தாள். எட்டரைக்கு அளந்துவிட்டு பஸ் பிடித்து, பத்து மணிக்குக் கம்பெனியில் உட்கார்ந்து அனுப்புவாள். அவளுடைய முதல் அளவு இருபத்து மூன்றரை மில்லிமீட்டர். 'அந்தப் பகுதியிலிருந்து நமக்கு வரும் முதல் எண் இது' என்று பதினோரு பேர் பாராட்டி எழுதினார்கள். அன்றைக்குச் சந்தோசத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வருடம் குழு ஆயிரத்தைத் தாண்டியது. புதியவர்கள் வணக்கமும் சொல்லவில்லை, அளக்கவும் இல்லை. ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் கணினிப் பிரிவில் இருந்த மாரிக்கண்ணன்தான் அதில் மோசம். 'செம இடி', 'காத்து திரும்பிருச்சு' என்று ஒரு நாளைக்குப் பத்து வரி போடுவார். பாண்டிச்செல்வியே அவரைப் பற்றி ராம்குமாருக்குப் புகார் எழுதினாள்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த ஒரு மத்தியானம். சிவகாசியில் வெயில் கொளுத்தியது. இரண்டு மணிக்கு மாரிக்கண்ணனின் வரி வந்தது: 'ராஜபாளையம் கறுத்துவிட்டது.' கொஞ்ச நேரத்தில் அது காணாமல் போனது. இரண்டரைக்கு இன்னொன்று: 'ஆலங்குளத்தில் இடி. மேகம் கிழக்கே போகுது.' அதையும் ராம்குமார் நீக்கினார்.

பாண்டிச்செல்வி இரண்டையும் படித்திருந்தாள். ராஜபாளையத்திலிருந்து ஆலங்குளம் வர அரை மணி. அதே வேகத்தில் வந்தால் அடுத்து தாயில்பட்டி. அங்கே பட்டாசுக் கம்பெனியில் அவள் அம்மா குருவம்மாள் வேலை செய்துகொண்டிருந்தாள். வெடிமருந்துச் சரக்கைத் திறந்த களத்தில் வெயிலில் காயப் போடுவார்கள்; ஒரு மின்னல் விழுந்தால் போதும். உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. போர்மேன் ராக்கப்பன் அறையில் மட்டும் லேண்ட்லைன் உண்டு.

"அண்ணாச்சி, குருவம்மாள் மக பேசுறேன். வெளிய மருந்துச் சரக்கு காயப் போட்டிருக்கீகளா?"

"நாலு களமும் நெறைஞ்சு கெடக்கு. என்ன தாயி?"

"இருபது நிமிசத்துல இடிமழை வருது. எடுக்கச் சொல்லுங்க."

"இங்கன வெயில் மண்டையப் பொளக்குது. யாரு சொன்னா?"

"ஆலங்குளத்துல ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்காரு."

"ஆபீசரா?"

"இல்ல அண்ணாச்சி. மழை பாக்குறவரு. நீங்க மேக்க போயிப் பாருங்களேன்."

ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் போய், வேகமாகத் திரும்பி வந்தது.

"வச்சுரு தாயி," என்றார் ராக்கப்பன்.

அவள் குழுவுக்குத் திரும்பினாள். வணக்கம் போடவில்லை. 'மாரிக்கண்ணன், இப்ப எங்கன இருக்கு? நிறுத்தாதீக' என்று எழுதினாள். உடனே ராம்குமாரின் எச்சரிக்கை வந்தது. அவள் பதில் அடித்தாள்: 'சார், எங்க அம்மாவும் நாப்பது பேரும் பட்டாசுக் களத்துல இருக்காக. நாலு மணி வரைக்கும் எதையும் அழிக்காதீங்க. பெறகு என்னையவே தூக்கிருங்க.'

இரண்டு நிமிடம் கழித்து ராம்குமாரே எழுதினார்: 'மேகப் படம் பார்க்கிறேன். மிக வேகமாக வளர்கிறது.' அதற்குப் பின் வரிகள் மளமளவென்று விழுந்தன. ஸ்ரீவில்லிபுத்தூரில் காற்று. வெம்பக்கோட்டைக்கு மேற்கே மின்னல். மாரிக்கண்ணன்: 'இங்க விட்டுருச்சு. உங்க பக்கந்தான் போகுது.' அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். பயமும் இருந்தது. அதற்கும் மேலே, இந்த ஊர்களெல்லாம் ஒரே மேகத்தைக் கைமாற்றிக் கொடுப்பதில் அடக்கமாட்டாத ஒரு குதூகலமும் இருந்தது. அம்மா அங்கே இருக்கும்போது இப்படிச் சந்தோசப்படலாமா என்று கூசியது. ஆனாலும் நாற்காலியில் உட்கார முடியவில்லை. வாசலுக்கு ஓடினாள். தென்மேற்கு வானம் மை கொட்டியது போல இருந்தது.

பாண்டிச்செல்வி சாயங்காலம் தாயில்பட்டி வந்து வாசலில் காத்திருந்தாள்; ஆறரை மணிக்குத்தான் கம்பெனி வேன் அம்மாவை இறக்கிவிட்டது. சேலை காய்ந்தே இருந்தது.

"நனையலையாம்மா?"

"எங்கிட்டு நனைய? சரக்கப் பூராம் உள்ள வச்சுப் பூட்டிட்டு, வாசல் கேட்டுப் பக்கம் இருக்க ஆபீசுக்குள்ள உக்காந்துட்டோம். பெறகுதான் ஊத்துச்சு. களத்து ஓரத்துல நிக்கிற பனை மேல இடி விழுந்து எரிஞ்சுச்சு, பாத்துக்க. ராக்கப்பன் எங்களையெல்லாம் எண்ணி எண்ணிப் பாத்தாரு."

பாண்டிச்செல்வி அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் குழுவில் பெரிய வாக்குவாதம். பழைய ஆட்கள் சிலர் இது அரட்டை மடமாகிவிட்டது என்று விலகினார்கள். ராம்குமார் யாரையும் தூக்கவில்லை. நேரடி மழைக்கென்று தனிப் பகுதி திறந்தார். ஊரும் மணியும் போட்டால் போதும், ஒற்றை வரி எழுதலாம்.

பாண்டிச்செல்வி மாரிக்கண்ணனுக்குத் தனியாக எழுதினாள்: 'உங்களைப் பத்திப் புகார் எழுதினது நான்தான் அண்ணே. மன்னிச்சுருங்க.'

மதியச் சாப்பாட்டுக்கு முன் பதில் வந்துவிட்டது.

'தெரியும் தங்கச்சி. அத விடுங்க. கழுகுமலைப் பக்கம் ஒண்ணு கெளம்புது, படத்தத் தொறந்து பாருங்க.'

கையில் இருந்த லட்சுமி காலண்டரை அப்படியே விட்டுவிட்டு அவள் மேகப் படத்தைத் திறந்தாள்.