குண்டூசித் தேர்வு

ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட இரண்டு மருமகள்கள் கையில் ஆளுக்கொரு கத்தியைக் கொடுத்து, நடுவில் ஓர் ஆட்டு இதயத்தையும் வைத்தால், நல்லது நடக்கும் என்று விவரம் தெரிந்த யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். சமுதாயக் கல்லூரியின் மாலை வகுப்பில் மனித உயிரியல் நடத்திய மேடம் எதிர்பார்த்தார். சேர்ந்த அன்றே இருவருக்கும் ஒரே விலாசம் என்று பார்த்துவிட்டு, "ஒரே வீடா, நல்லதாப் போச்சு, சேர்ந்தே படிக்கலாம்" என்று ஒரே மேசையில் உட்கார வைத்துவிட்டார். அந்த நல்லதில் தீயை வைக்க.

சின்னவள் கத்தியை எடுத்தால் பெரியவள், "அப்படியா பிடிப்பாங்க?" என்பாள். பெரியவள் அறுத்தால் சின்னவள், "போச்சு, வால்வு போச்சு" என்பாள். ஒருத்தி கையுறையைக் கழற்றினால் மற்றவள் மூக்கைப் பொத்துவாள். தட்டைக் கழுவும் வேலை வந்தால் மட்டும் இருவருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வரும். எலியும் பூனையும்கூட ஓர் இடத்தில் சாப்பிட்டுவிட்டுப் போகும், இவர்கள் இருவரும் ஒரே மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது அதைவிடக் கஷ்டம்.

இதெல்லாம் வெறும் ஓரகத்திச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார். மாலையில் மகன்கள் இருவரும் வேலை முடிந்து வந்து பார்த்துக்கொள்வார்கள், அதனால் இந்த மாலை வகுப்புக்குத் தடை இல்லை. ஆனால் இதில் தேறி நர்ஸிங்கில் சேர்ந்தால் அது பகல் வகுப்பு. இரண்டு மருமகள்களும் போனால் கிழவியைப் புரட்டிப் போட யார் இருப்பது? மாமியாருக்கு இடுப்புதான் உடைந்திருந்தது, வாய் உடையவில்லை. படுக்கையில் இருந்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

"எவ அதிகம் மார்க் வாங்குறாளோ அவ போகட்டும். இன்னொருத்தி எனக்குப் பீ மூத்திரம் அள்ளட்டும்."

சின்னவளுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. கல்யாணமாகி வந்த நாளாக அந்த வீட்டில் அவள் இரண்டாவது ஆள்தான். சாப்பிட உட்காருவதில் இரண்டாவது, டிவி ரிமோட்டுக்கு இரண்டாவது, வாயைத் திறப்பதிலும் இரண்டாவது. வெள்ளை உடையைப் போட்டுக்கொண்டு காலையில் அந்த வாசலைத் தாண்டிப் போக வேண்டும், பெரியவள் அதை உள்ளேயிருந்து பார்க்க வேண்டும். இந்த இரண்டில் எதை அதிகம் விரும்பினாள் என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது.

வகுப்பில் அவளுக்கு ஒட்டுதலாக இருந்தது ஒரே ஒருவர், வேன்காரர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவருக்கும் நர்ஸிங் ஆசை, ஏற்கெனவே இரண்டு முறை எழுதிக் கோட்டை விட்டிருந்தார். வகுப்பு முடிந்ததும் இவர்கள் இருவரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்த் தெருமுனையில் இறக்கிவிடுவார். சின்னவள் முன்னால் உட்கார்ந்து வழியெல்லாம் அவருக்குப் பாடம் சொல்வாள். பெரியவள் கடைசி இருக்கையில் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாள்.

"தமனின்னா சுத்த ரத்தம், சரிதானே தங்கச்சி?"

"எல்லாத் தமனியும் இல்லண்ணா. நுரையீரல் தமனி மட்டும் கெட்ட ரத்தத்தைக் கொண்டு போகும். அதைத்தான் கேட்டு மாட்டிவிடுவாங்க."

"நீங்க சொன்னா மண்டைல ஏறுது. மேடம் சொன்னா தூக்கம்தான் வருது" என்பார் அவர்.

கடைசித் தேர்வு குண்டூசித் தேர்வு. ஆய்வகத்தைச் சுற்றி மேசைகளில் எலும்பு, மூளை, சிறுநீரகம், இதயம் என்று வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் மேடம் ஒரு குண்டூசி குத்தியிருப்பார். ஊசி நிற்கிற இடம் எது, அதன் வேலை என்ன என்று எழுத வேண்டும். மணி அடித்தால் எல்லோரும் ஒரு மேசை தள்ளிப் போக வேண்டும். மூன்று கட்டளைகள் போட்டார் மேடம். பேசக் கூடாது. எதையும் தொடக் கூடாது. ஊசி விழுந்திருந்தாலோ நகர்ந்திருந்தாலோ உடனே கையைத் தூக்க வேண்டும். கூடவே இன்னொன்றும் சொன்னார். இந்த வகுப்பில் முதல் மூன்று பேருக்குத்தான் நர்ஸிங்கில் இடம், அதுவும் நேர்முகத் தேர்வில் தேறினால்.

சுற்றும் வரிசையில் பெரியவள் முன்னால், அவளுக்கு அடுத்து சின்னவள், சின்னவளுக்குப் பின்னால் வேன்காரர்.

இதயம் இருந்த மேசைக்குப் பெரியவள் போனபோது, மேடம் அறையின் அந்தக் கோடியில் யாருக்கோ மைக்ரோஸ்கோப் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். பெரியவள் விடையை எழுதினாள். பிறகு குனிந்தாள். முழங்கை ஒரு தரம் அசைந்தது. மணி அடித்தது. ஒன்றும் நடக்காதது போல நகர்ந்து போனாள்.

சின்னவள் வந்து பார்த்தாள். நெடுக்காகப் பிளந்து வைத்த இதயம். ஊசி வலது கீழறைச் சுவரில் நின்றது. பக்கத்தில், தடித்த இடது கீழறைச் சுவரில், ஒரு சின்ன ஓட்டை. அதிலிருந்து மருந்துத் தண்ணீர் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

எனக்கா குழி பறிக்கிறாய் என்று பல்லைக் கடித்தாள். கையைத் தூக்க வேண்டியதுதான், தூக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பாதி தூக்கவும் செய்தாள். அப்புறம் அந்தப் பாழாய்ப்போன புத்தி குறுக்கே வந்தது. கையைத் தூக்கினால் மேடம் ஊசியை எடுத்துப் பழைய இடத்தில் குத்துவார், பின்னால் வருகிற எல்லோரும் சரியாக எழுதுவார்கள். தூக்காவிட்டால் அத்தனை பேருக்கும் இது போச்சு. மூன்று இடத்துக்குப் போட்டி போடுகிறவர்களில் பாதிப் பேர் அவளுக்குப் பின்னால்தான் இருந்தார்கள். பெரியவள் செய்ததையோ, மார்க் வந்த பிறகு அத்தை படுக்கைக்கு முன்னால் வைத்துப் போட்டு உடைத்தால் இன்னும் ருசியாக இருக்கும்.

"இடது கீழறை. சுத்த ரத்தத்தை உடல் முழுவதற்கும் அனுப்பும்" என்று எழுதினாள். தூக்கிய கையால் முடியை ஒதுக்கிக்கொண்டாள். மணி அடித்தது. பின்னால் வேன்காரர் வந்து நின்று, ஊசியைப் பார்த்துவிட்டு நம்பிக்கையோடு எழுத ஆரம்பித்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்க் சொல்லும் நாளில் மேடம் கோபமாக வந்தார். அவர் கோபம் கத்தாது, குரல் இறங்கும்.

"இதயத்துல யாரோ ஊசியை நகர்த்தியிருக்காங்க. அந்தக் கேள்வியை எல்லாருக்கும் எடுத்துட்டேன். யார் நகர்த்தினாங்கன்னு கண்டுபிடிக்கிறது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. நீங்க சுத்தின வரிசைல விடைத்தாளை அடுக்கினேன். ஒரு ஆள் வரைக்கும் எல்லாரும் இடதுன்னு எழுதியிருக்கீங்க. அந்த ஆளுக்கு அப்புறம் எல்லாரும் வலது. கடைசியா இடதுன்னு எழுதினது யாரு?"

கெட்டிக்காரத்தனமாக எழுதிய அந்தச் சரியான விடையே தன் கழுத்தில் சுருக்காக விழுந்திருப்பது அப்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது.

"நான் நகர்த்தல மேடம். நான் வரும்போதே நகர்ந்திருந்துச்சு. எனக்கு முன்னாடி வந்தவங்கதான்." அவள் பெரியவளைப் பார்த்தாள்.

மேடம் பெரியவள் பக்கம் திரும்பினார்.

"நான் எழுதும்போது ஊசி இடது பக்கம்தான் இருந்துச்சு மேடம்" என்றாள் பெரியவள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"சரி, நீ வரும்போது வலது பக்கம் இருந்துச்சுன்னா, நீ எப்படி இடதுன்னு எழுதின?" மேடம் மறுபடி சின்னவளிடம் வந்தார்.

"பழைய ஓட்டை தெரிஞ்சுது மேடம்."

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் கை தூக்கல."

வகுப்பு முழுவதும் தன் முதுகைப் பார்ப்பது சின்னவளுக்குத் தெரிந்தது.

"நகர்த்தினது யாருன்னு என்னால நிரூபிக்க முடியாது. பார்த்துட்டு, பின்னாடி வர்றவங்க விழட்டும்னு வாயை மூடிட்டுப் போனது யாருன்னு நீயே சொல்லிட்ட. நாளைக்கு வார்டுல ஒருத்தி தப்பு மருந்து ஏத்துறதைப் பார்த்தாலும் நீ இப்படித்தான் நிப்ப. இந்தத் தேர்வுல உனக்கு மார்க் கிடையாது. உட்காரு."

பெரியவள் மூன்றாவது இடம் பிடித்தாள். வேன்காரர் இரண்டாவது. அவருக்குக் கை தட்டினார்கள். அவர் சிரிக்கவில்லை.

வெளியே வேன் நின்றது. சின்னவள் பழக்கத்தில் முன் கதவைப் பிடித்தாள். அவர் உள்ளேயிருந்து பூட்டியிருந்தார். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார்.

"நான் உங்களுக்கு அடுத்து நின்னேன் தங்கச்சி. ஒரு இருமல் இருமியிருந்தாக்கூட நிமிர்ந்து பார்த்திருப்பேன்."

"அண்ணா, நான் வந்து..."

"மூணாவது தடவை எழுதுறேன்னு உங்களுக்குத் தெரியும்." அவர் பெரியவளைப் பார்த்து, "நீங்க வாங்க" என்றார்.

"நீங்க போங்கண்ணா. அவளை விட்டுட்டு எப்படி வர்றது? நாங்க நடந்து போயிடறோம்" என்றாள் பெரியவள். அவர் அவளைப் பெரிய மனசுக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

இருவரும் பாலத்தை ஏறி இறங்கினார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைந்ததும் சின்னவள் நின்றாள்.

"நீங்கதான் செஞ்சீங்க."

"ஆமா" என்றாள் பெரியவள்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று சின்னவள் நினைக்கவில்லை.

"ஓட்டையை நீ பார்ப்பன்னு தெரியும். உன் கண்ணு என்ன சாதாரணக் கண்ணா? என் தட்டுல விழுற சோத்தை எண்ற கண்ணு. நீ தப்பா எழுதினா எனக்கு லாபம். சரியா எழுதினா நீ மாட்டுவ. நீ கை தூக்கியிருந்தா மட்டும்தான் நான் காலி, அங்கேயே, அத்தனை பேர் முன்னாடி."

"அப்புறம் எந்தத் தைரியத்துல செஞ்சீங்க?"

"உன் மேல இருந்த தைரியத்துலதான். இத்தனை வருஷம் ஒரே அடுப்படில நிக்கிறோம். அடுத்தவன் விழுறதைப் பார்க்கக் கிடைச்சா நீ கை தூக்க மாட்டடி."

இல்லை என்று சொல்ல வேண்டும். நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று நடுத்தெருவில் நின்று கத்த வேண்டும். சின்னவளுக்கு முடியை ஒதுக்கிய கை மட்டும்தான் ஞாபகத்துக்கு வந்தது. பெரியவள் பையைத் தோளில் மாற்றிக்கொண்டு முன்னே நடந்தாள், இவள் எப்போதும் போல இரண்டாவதாகப் பின்னால் போனாள்.

வீட்டில் மாமியார் விழித்துக் காத்திருந்தார்.

"எவ?"

"நான் அத்தை" என்றாள் பெரியவள். "நாளைக்கு நேர்முகத் தேர்வு. படிக்கணும்." அடுத்த அறைக்குப் போய் விளக்கைப் போட்டாள்.

சின்னவள் முழங்கையை மடித்துக் கிழவியின் முதுகுக்கு அடியில் கொடுத்துப் புரட்டினாள். ஈரத்துணியை உருவி எடுத்தாள். பெரியவள் ஊசி குத்தியதையெல்லாம் இந்த இடத்தில் போட்டு உடைப்பதாகத்தானே திட்டம்? இப்போது உடைத்தால் முதலில் சிதறுவது யார் என்று அவளுக்குத் தெரியும். பேசாமல் துடைத்தாள்.

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத" என்றார் மாமியார். "பெரியவ கை கல்லு மாதிரி. புரட்டினா உயிரு போகுது. உன் கைதான் மெத்துன்னு இருக்கு. நீ தோக்கணும்னு தினமும் வேண்டிக்கிட்டேன்."

அடுத்த அறையில் பெரியவள் சத்தமாக உருப்போட ஆரம்பித்திருந்தாள். எலும்பு முடிந்து இதயத்துக்கு வந்தாள். கேள்வியும் அவளே, பதிலும் அவளே.

"தமனில எந்த ரத்தம் ஓடும்? சுத்த ரத்தம். நுரையீரல் தமனில? தமனிதானே. சுத்த ரத்தம்." அதையே இரண்டு தரம் அழுத்திச் சொன்னாள்.

சின்னவளின் கை நின்றது. கதவு திறந்துதான் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த அறைக்குக் கேட்கும். உதடு பிரியக்கூடச் செய்தது. அவள் துணியை வாளியில் போட்டு முக்கி, நன்றாகப் பிழிந்து, மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

"என்னடி சிரிக்கிற?" என்றார் மாமியார்.

"ஒண்ணுமில்ல அத்தை" என்றாள் அவள்.