படகுத்துறைப் பாடம்

மாநிலத்தின் புதிய வரலாற்றுப் பாடத்திட்டத்தின் வரைவு வெளியான அன்று, என் பெரியம்மா மகள் ரோவீனா என் பேருந்தில்தான் வந்தாள். அவளுடைய கார் பழுதுபார்க்கப் போயிருந்தது. நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு இந்த மண்ணின் பூர்வகுடிகளான எங்கள் ஓஜிப்வே மக்களின் குடியிருப்பை நோக்கித் திரும்பியபோது, எனக்குப் பின்னாலிருந்த இருக்கையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்:

"என் பேரப் போட்டிருக்காங்க, மார்லா."

"நல்லதுதானேக்கா."

"நான் எழுதுனத எடுத்துட்டுப் பேர மட்டும் போட்டிருக்காங்க."

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன்.

ரோவீனா பக்கத்து நகரத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறாள். அந்த வகுப்பில் பாதி எங்கள் பிள்ளைகள், பாதி நகரத்து வெள்ளைக்காரப் பிள்ளைகள். இரண்டு வருடத்துக்கு முன்னால் மாநில அரசு ஒரு குழு அமைத்தது. இனி பாடத்தில் எல்லா மக்களும் இருப்பார்கள் என்றார்கள். கறுப்பர்கள், மெக்சிகோக்காரர்கள், சோமாலியாவிலிருந்து வந்தவர்கள், லாவோஸ் போரில் தப்பி வந்தவர்கள் என்று பலரையும் கூப்பிட்டார்கள். எங்களிலிருந்து ரோவீனா. முதல் கூட்டத்தில் எடுத்த புகைப்படத்தில் மணி கோத்த காதணியோடு அவள் நடுவில் நிற்பாள். நடுவில் நிற்கச் சொன்னது அவர்கள்தான்.

குளிர்காலம் முழுக்கத் தலைநகரத்துக்குப் போய் வந்தாள். பனியில் ஐந்து மணிநேரப் பயணம். அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் முன்னோர் இந்த நிலத்தை ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தபோது, மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் ஏரியில் தானாக விளையும் காட்டரிசி அறுக்கவும் உள்ள உரிமையைக் கொடுக்கவில்லை. அதை ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தார்கள். நூற்றைம்பது வருடம் அந்த உரிமையை யாரும் மதிக்கவில்லை. எண்பதுகளில் நீதிமன்றம் அது செல்லும் என்றது. எங்கள் ஆட்கள் வசந்தத்தில் ஏரிக்குப் போய் ஈட்டியால் மீன் குத்தினார்கள். ஏரியில் மீனே இல்லாமல் போய்விடும் என்று சொல்லி, அதைத் தடுக்க நகரத்து ஆட்கள் படகுத்துறையில் கூடினார்கள், கத்தினார்கள், கல்லெறிந்தார்கள். இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான் அவள் எழுதிக் கொடுத்தது.

வெளியானதில் இருந்தது இது: 'ஏரிகளைப் பல்வேறு சமூகத்தினர் பல்வேறு விதங்களில் பயன்படுத்தி வந்துள்ளனர். ஒருவரையொருவர் மதித்து நடப்பதன் அவசியத்தை மாணவர்கள் கலந்துரையாடுவார்கள்.'

அன்று மாலையே குழுத் தலைவி திருமதி ஹால்வர்சனுக்குத் தொலைபேசினாள். நானும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"ரோவீனா, உங்க வருத்தம் எனக்குப் புரியுது," என்றார் ஹால்வர்சன். நல்ல மனுஷிதான். குரலில் எப்போதும் ஒரு பரிவு இருக்கும். "நிறையப் பெத்தவங்க எழுதியிருந்தாங்க. பிள்ளைங்க மனசு நோகும்னு."

"யாரு பிள்ளைங்க மனசு?"

ரோவீனா தொலைபேசிப் பக்கம் குனிந்தாள்.

"அன்னிக்கு அந்தப் படகுத்துறையில எனக்கு ஒம்பது வயசும்மா. எங்கப்பா வண்டியில சீட்டுக்கு அடியில ஒளிஞ்சு கெடந்தேன். கண்ணாடி ஒடஞ்சு என் மேலதான் கொட்டுச்சு. என் மனசு நோகும்னு யாராச்சும் எழுதியிருந்தாங்களா?"

"பொதுமக்கள் கருத்துக் கேக்கற கூட்டம் உங்க ஊர்ப்பக்கமே வைக்கிறோம். வந்து பேசுங்க. ஆளுக்கு மூணு நிமிஷம்."

"முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மூணு நிமிஷமா," என்றாள் ரோவீனா. போனை வைத்துவிட்டு, அடுப்பில் கிடந்த மான்கறி சூப்பைக் கிளறப் போனாள். கரண்டி பாத்திரத்தில் படபடவென்று இடித்தது.

கூட்டம் நகரத்து உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அரங்கில் நடந்தது. எங்கள் ஆட்கள் ஒரு பக்கம், நகரத்து ஆட்கள் ஒரு பக்கம். உட்காரச் சொல்லி யாரும் பிரிக்கவில்லை, தானாகவே பிரிந்துகொண்டோம். முன்னால் நீள மேசையில் ஹால்வர்சனும் குழுவில் சிலரும். பேச விரும்புகிறவர்கள் பெயர் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டும்.

முதலில் ஒரு நகரத்துக்காரர் பேசினார். "யாரோ எப்பவோ எறிஞ்ச கல்லுக்கு என் பேரன் வெக்கப்படணுமா?" என்று கேட்டார். அவர் பக்கத்தில் கைதட்டினார்கள். வேறு சிலரும் அப்படியே பேசினார்கள். பிறகு ரோவீனா.

அவள் கையில் ஐந்தாறு தாள் இருந்தது. அன்று என்ன நடந்தது என்பதை வகுப்பில் சொல்கிற மாதிரியே எழுதியிருந்தாள். யாரையும் திட்டவில்லை. ஏரிக்கரையில் வண்டிகள் எப்படி நின்றன, யார் முதலில் படகை இறக்கினார்கள், கூட்டம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று நிதானமாகப் படித்துக்கொண்டு போனாள். 'எங்கள் அப்பா ஆம்புரோஸ் படகைத் தள்ளியபோது' என்று வாசித்தபோது மூன்று நிமிடம் முடிந்ததற்கான மணி அடித்தது. அவள் நிறுத்தவில்லை. ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்கள். அவள் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. அதுவும் நின்றது.

நகரத்துப் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

அடுத்து ஜோசெட் சித்தி. பாடத்திட்டம் கிடக்கட்டும், பள்ளியில் போடுகிற மதியச் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவள். மெல்ல நடந்து போய் ரோவீனாவின் கையிலிருந்த தாளை வாங்கினாள். தூர வைத்துப் பார்த்தாள், கிட்ட வைத்துப் பார்த்தாள். அப்புறம் நேரே மேசைக்குப் போனாள்.

"கண்ணாடிய வீட்லயே வச்சிட்டேன். உன்னோடதக் கொஞ்சம் குடும்மா."

ஹால்வர்சன் என்ன செய்வதென்று தெரியாமல் கழற்றிக் கொடுத்தார். சித்தி அதை மாட்டிக்கொண்டு ஒலிவாங்கி முன் வந்து நின்றாள். "எங்க அக்கா வீட்டுக்காரர் ஆம்புரோஸ் படகைத் தள்ளியபோது," என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

மேசையில் ஒருவர் குறுக்கிட்டார். "அம்மா, ஒருத்தர் உரைய இன்னொருத்தர் படிக்கக் கூடாது."

"அப்பிடி ஒரு விதி இருந்தா காட்டுங்க. கண்ணாடிதான் மாட்டியிருக்கேனே, படிச்சுக்கறேன்."

அவர்கள் தாள்களைப் புரட்டினார்கள். குசுகுசுத்தார்கள். விதி ஒன்றும் அகப்படவில்லை. சித்தி படித்துக்கொண்டே இருந்தாள். மணி அடித்ததும் வரிசையில் அடுத்து நின்றவரின் கையில் தாளைத் திணித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றாமலேயே போய் உட்கார்ந்தாள். அவர் படித்தார். அவருக்குப் பின்னால் நான். யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. என் பங்கில் எங்கள் அப்பாக்கள் தோளோடு தோள் சேர்ந்து நின்று படகுக்கு வழி ஏற்படுத்திய இடம் வந்தது. ஒரு சொல்லையும் விழுங்காமல் படித்தேன்.

எனக்கு அடுத்து நின்றவர் டேல் குரோகன். நகரத்தில் தூண்டில் புழுவும் மீன்பிடி சாமான்களும் விற்கிற கடைக்காரர். எங்களுக்கு எதிராகப் பேச வந்தவர் என்பது அரங்குக்கே தெரியும். அவர் சட்டைப் பையில் மடித்த தாள் துருத்திக்கொண்டிருந்தது. நான் என் கையிலிருந்ததை நீட்டவா வேண்டாமா என்று நின்றேன்.

அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "நான் வேற பேசத்தான் வந்தேன். இந்த டீச்சர் கிட்ட என் பொண்ணு படிச்சா. ஒரு நாள் வீட்டுக்கு வந்து, அப்பா, அன்னிக்கு நீ எந்தப் பக்கம் நின்னேன்னு கேட்டா. எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கல. இப்பவும் பிடிக்கல." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா ஒரு ஆள் பேசிட்டு இருக்கறப்ப மைக்க அணைக்கறதும் எனக்குப் பிடிக்கல. எங்க விட்டீங்க?"

நான் விரலால் வரியைக் காட்டினேன். அது பதாகைகளைப் பற்றிய பகுதி. அதைக் காட்டிய பிறகுதான் எனக்கே உறைத்தது. 'ஒரு மீனைக் காப்பாற்று, ஓர் இந்தியனைக் குத்து' என்று அன்று அட்டையில் எழுதிப் பிடித்திருந்த வாசகம்; இந்தியன் என்று அவர்கள் சொல்வது எங்களைத்தான். டேல் அந்த வரிக்கு வந்ததும் நின்றார். அவர் பக்கத்து ஆட்கள், "விட்டுட்டு வா, டேல்," என்றார்கள். அவர் விடவில்லை. ஒவ்வொரு சொல்லாக, முள்ளெடுக்கிற மாதிரி படித்தார். நேரம் முடிந்ததும் தாளைப் பின்னால் நின்றவரிடம் கொடுத்தார். யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

ரோவீனா எழுதியது முழுவதும் அன்று படிக்கப்பட்டது. கடைசித் தாளை வாசித்தது இன்னொரு பள்ளியில் வேலை பார்க்கிற இளம் ஆசிரியை. முடித்துவிட்டு, "இது எனக்குப் பள்ளியில யாரும் சொல்லித் தரல," என்று மட்டும் சொன்னாள்.

இறுதிப் பாடத்திட்டம் வந்தபோது ஒப்பந்தம் உள்ளே இருந்தது. நீதிமன்றத் தீர்ப்பும் இருந்தது. படகுத்துறை மட்டும் இல்லை. அதற்குப் பதில் 'சில கருத்து வேறுபாடுகள் எழுந்தன' என்று இருந்தது. எங்கள் ஆட்களில் பலர் இதுவே பெரிய வெற்றி என்றார்கள். சித்தி வீட்டில் காட்டரிசியும் எண்ணெயில் பொரித்த ரொட்டியும் செய்து எல்லோரையும் கூப்பிட்டாள். ரோவீனா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஹால்வர்சன் போனில் கூப்பிட்டார்.

"முக்காவாசி வந்திருச்சு பாத்தீங்களா?" என்றார். குரலில் உண்மையான சந்தோஷம்.

"பாத்தேன். மிச்சம் இருக்கற காவாசியிலதான் எங்கப்பா நின்னாரு. என் பேர எடுத்துருங்க."

"ரோவீனா, இது உங்க உழைப்பு."

"அதனாலதான் சொல்றேன். கல்லெறிஞ்சதுக்குக் கருத்து வேறுபாடுன்னு எழுதின எடத்துல என் பேரு இருக்கக் கூடாது."

எடுத்துவிட்டார்கள். தலைநகரத்தில் நடந்த வெளியீட்டு விழாவுக்கும் அவள் போகவில்லை. அன்று வகுப்பில் பரீட்சை வைத்தாள்.

ஏப்ரலில் ஏரியில் பனிக்கட்டி உருகியதும், பிள்ளைகளைப் படகுத்துறைக்குக் கூட்டிப் போகிறேன் என்று தலைமையாசிரியரிடம் கேட்டாள். பேருந்து ஓட்டுகிறவள் என்று நானும் கூட நின்றிருந்தேன்.

"எந்தப் பாடத்துக்கு?" என்றார் அவர். ஒவ்வொரு பாடத்துக்கும் புதிய திட்டத்தில் ஓர் எண் உண்டு. "இதுக்கு எண் இல்லையே. எண் இல்லாம நான் பஸ் குடுத்தா என்னயத்தான் கேப்பாங்க."

"அப்ப நடந்து போறோம்."

"வம்பு வந்தா உங்க பக்கம் நிக்க முடியாது, ரோவீனா."

"நீங்க நிக்க வேணாம் சார். நான் நின்னுக்கறேன்."

பெற்றோரிடம் தானே பேசி அனுமதி வாங்கினாள். மூன்று பேர் மறுத்தார்கள். மற்றவர்கள் சரி என்றார்கள். நகரத்து வீடுகளும் அதில் இருந்தன. நான் விடுப்புப் போட்டுவிட்டுக் கூடவே போனேன். சாலை ஓரமெல்லாம் சேறு. பிள்ளைகள் சிணுங்கிக்கொண்டும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டும் நடந்தார்கள். "டீச்சர், என் ஷூ போச்சு," என்றான் ஒருவன். "வரலாறுன்னா சேறுதான்டா, நட," என்றாள் ரோவீனா.

படகுத்துறையில் அவர்களை இரண்டாகப் பிரித்து நிற்க வைத்தாள். இங்கே எங்கள் வண்டிகள், அங்கே கூட்டம், நடுவில் போலீஸ். பிரித்தது வெள்ளைப் பிள்ளைகள், ஓஜிப்வே பிள்ளைகள் என்று அல்ல, கலந்துதான். தண்ணீர் கரையில் மோதிக்கொண்டிருந்தது.

ஒரு பெண் கையை உயர்த்தினாள். "டீச்சர், அவ்வளவு கல்லுக்கு நடுவுல உங்கப்பா ஏரிக்குள்ள போனாரா?"

"போனாரு."

"மீன் பிடிச்சாரா?"

"பிடிச்சாரு. வீட்டுக்குக் கொண்டாந்து வறுத்துச் சாப்பிட்டோம்."

அப்போது சாலையில் தலைமையாசிரியரின் கார் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோவீனாவும் அவரைப் பார்த்தாள். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, கூட்டத்தின் கடைசியில் நிற்கிறவனுக்கும் அந்தக் காருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தி, அடுத்து நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள்.