ஐம்பதாவது பல்

தேவநாதனை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் இந்தச் சகாயநாதனைக் கண்டால் ஆகாது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் இருக்கும் எங்கள் பல் மருத்துவக் கல்லூரியில் அவர் துறைத்தலைவர், நான் விரிவுரையாளர். இறுதியாண்டு மாணவர்கள் ஐம்பது பல் பிடுங்கிப் பதிவேட்டில் அவரிடம் கையெழுத்து வாங்கினால்தான் பரீட்சை எழுதலாம். காப்பாற்றிய பல்லுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. இது படிப்பா, கசாப்புக் கடையா? 2008இல் பாடத்திட்டத்தை மாற்ற தேவநாதன் தலைமையில் ஒரு குழு போட்டார்கள், அதில் நானும் இருந்தேன். இந்த எண்ணிக்கையை ஒழிக்கச் சொல்லிப் பதினாறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மனுஷன் அதன்மேல் டீ டம்ளரை வைத்தார்.

எழிலரசி காட்டுமன்னார்கோயில் பெண், என் மாணவி. நாற்பத்தொன்பது முடித்திருந்தாள். ஐம்பதாவதுக்கென்று பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் பொன்னியை பஸ் ஏற்றிக் கூட்டிவந்தாள். வாயைத் திறந்து பார்த்தால், வேர் சிகிச்சை செய்தால் பிழைத்துக்கொள்ளும் பல். அவள் பிடுங்கவில்லை. மூன்று தடவை வரவழைத்து, வேரைச் சுத்தம் செய்து அடைத்து அனுப்பினாள். சபாஷ் என்று சொன்னவனும் நான்தான்.

பதிவேட்டுக்குக் கடைசி நாள் வந்தது. அன்றைக்கு மூன்று மணிக்குத்தான் குழுக் கூட்டமும். தேவநாதன் அவள் பதிவேட்டை மேஜையில் வீசினார்.

"ஒண்ணு கொறையுதும்மா. பன்னெண்டு மணிக்குள்ள கொண்டா. இல்லன்னா அடுத்த வருஷம் பாக்கலாம்."

பேசிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். வாசலைக் காட்டினார். பதினொன்றரை வரைக்கும் ஒரு நோயாளியும் சிக்கவில்லை. எழிலரசி சுவர்ப்பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள். எனக்கு மண்டை சூடேறிவிட்டது. நோயாளி நாற்காலியில் போய்ச் சாய்ந்தேன்.

"கடைசிக் கடவாப்பல்லு கோணலா கெடக்கு. புடுங்கு."

"அது நல்லாத்தான சார் இருக்கு?"

"நான் நல்லா இல்ல. ஊசியப் போடு."

வேர் முறியாமல் எடுத்தாள். ஓ.பி. சீட்டில் என் அப்பா பெயரை எழுதினேன். தேவநாதன் பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். யாருடையது என்று கேட்கவே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

கூட்டத்தில் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேவநாதன் இறுதியாண்டு மாணவர்களின் அறுபது பதிவேடுகளையும் கொண்டுவந்து அடுக்கினார். இந்த எண்ணிக்கை பிள்ளைகளை வதைக்கிறதென்று பதினாறு பக்கம் எழுதியிருக்கிறார்கள், ஆனால் அறுபது பேரும் முடித்துவிட்டார்களே, ஒரு பல்கூடக் குறையவில்லையே என்றார். எல்லாத் தலைகளும் ஆடின.

அதில் ஒரு பல் என்னுடையது என்று சொல்ல எழுந்தேன். சொன்னால் எழிலரசியின் பதிவேட்டில் போட்ட கையெழுத்தை அடித்துவிடுவார், அவளுக்கு ஒரு வருஷம் போய்விடும். உட்கார்ந்துவிட்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

"சகாயநாதனே ஒண்ணும் சொல்லல. பழைய மொறையே தொடரட்டும்னு எழுதிக்குங்க" என்றார் தேவநாதன். அப்புறம் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கன்னம் வீங்கிருக்கே சார். நம்ம புள்ளைங்ககிட்ட காட்டுங்க. நல்லா புடுங்குவாங்க."

நான் ரத்தத்தை விழுங்கினேன்.