பதின்மூன்றாவது படம்

ஒரு மனிதனை அடித்துக் கொல்லப் பன்னிரண்டு படங்கள் போதும் என்றான் தம்பு. அவனுடைய அப்பா வாங்கிக் கொடுத்த கேமரா விநாடிக்குப் பதினாறு படம் பிடிக்கும். தடி இறங்க ஐந்து, ஆள் விழ ஏழு. முக்கால் விநாடிக்குள் காரியம் முடிந்துவிடும்.

"முக்கால் விநாடி பத்தாதுலா. அந்த நாயி நிறுத்தி நிதானமாதான் அடிச்சான்" என்றான் வாசு.

கோலாலம்பூர்த் தொழிற்பள்ளியில் அந்த 1938ஆம் வருஷத்து ஆண்டு விழாவுக்குச் சித்திர வகுப்பு மாணவர்கள் ஆளுக்கொரு அசையும் படம் செய்தார்கள். மற்றவர்கள் பூனையையும் எலியையும் ஓடவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோது வாசு தன் அப்பனின் சாவை வரைந்துகொண்டிருந்தான். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள் என்று சொல்லிவைத்த புண்ணியவான், மேரு ரப்பர் தோட்டத்துக் கங்காணி சபாபதியிடம் ஒரு வாரம் வேலை பார்த்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பான். பால் குறைந்தால் அடி, மரப்பட்டை காயப்பட்டால் அடி, நிமிர்ந்து பார்த்தால் இன்னும் இரண்டு அடி. பிள்ளைத்தாய்ச்சியின் முதுகில் அவன் தடி உடைந்ததும், உடைந்த தடிக்கு அவள் புருஷனையே வேறு தடி வெட்டிவரச் சொன்னதும் கூலிகள் குடியிருந்த லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு அந்தத் தடியின் முன்னால் வாசுவின் அப்பா கன்னையா மண்டியிட்டார். வாசுவுக்கு அப்போது பத்து வயது. கோர்ட்டு விசாரணையில் பெட்டிமேல் ஏற்றி நிறுத்தி, பார்த்தாயா என்று துரை கேட்டார். "பார்த்தேன். கங்காணி தடி அப்பா தலையில விழுந்துச்சு" என்றான். சபாபதி, நான் ஓங்கினேனே தவிர அடிக்கவில்லை என்று சத்தியம் செய்தான். ஊரையே அடித்தவன் இந்த ஒரு அடியை மட்டும் அடிக்கவில்லை என்றால் எவன் நம்புவான்? பன்னிரண்டு வருஷம் உள்ளே தள்ளினார்கள். லயத்தில் கோழி அடித்துக் கொண்டாடினார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் வகுப்புத் தோழன் தம்புவின் வீட்டுப் பின்னறையில் ஜன்னல் கண்ணாடி ஒன்றைக் கழற்றி இரண்டு பெட்டிகளின் மேல் படுக்கவைத்திருந்தார்கள். கண்ணாடிக்குக் கீழே பல்பு. மேலே வைத்த தாளில் முந்தைய படத்தின் கோடுகள் நிழலாகத் தெரியும். அதைவிடக் கொஞ்சம் தள்ளி அடுத்த படத்தைப் போட வேண்டும். முதலில் ஒன்றாவது படம், பிறகு பன்னிரண்டாவது. இரண்டையும் வரைந்து முடித்த பிறகே நடுவில் இருக்கிற பத்தையும் நிரப்புவது.

இரண்டு ஓரப் படங்களும் வாசுவுக்குக் கையோடு வந்தன. நடுவில் உள்ள பத்தும் வரவில்லை. மூன்று நாளாக வரைந்து வரைந்து கிழித்தான். விரலால் சரசரவென்று புரட்டிப் பார்த்தால் அப்பா நூல் அறுந்த பொம்மை மாதிரி வெட்டிக்கொண்டு விழுந்தார். கோபத்தில் ஒரு தாளில் சபாபதியின் கண்ணைப் பென்சிலாலேயே குத்திக் கிழித்தான்.

தம்பு பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். ஒழுங்காக அசையாத படத்தைக் கேமரா முன்னால் வைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான்.

"இஞ்ச பார் மச்சான். முதல் படத்திலயும் தடி மேல நிக்குது. கடைசிப் படத்திலயும் மேலதான் நிக்குது. அப்ப எப்ப அடிச்சவன்?"

"அடிச்சிட்டு மறுபடி ஓங்கிட்டான்."

"முன்னால நிண்டு அடிச்சா ஆள் பின்னாலயெல்லோ விழோணும்? உன்ர அப்பா குப்புற அவன்ர காலடியில கிடக்கிறார். காயத்தையும் பிடரியில போட்டிருக்கிறாய்."

"பிடரியிலதான்டா இருந்துச்சு! நான் பார்த்தேன்!"

"சரி, கத்தாத. இந்த மூலையில நிக்கிறது ஆர்?"

"நாகையா சித்தப்பா."

நாகையா உறவுக்காரர் இல்லை. அப்பாவின் சிநேகிதர். அப்பா செத்த மறுமாசமே வாசுவைத் தோளில் தூக்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தவர். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை சுமந்து, கல்யாணம் கட்டாமல், இவனைப் படிக்கவைத்தவர். வாசுவுக்கு உலகத்தில் வேறு நாதி கிடையாது.

"அவரையும் அசைக்கோணும். மரம் மாதிரி நிக்க ஏலாது" என்று தம்பு படத்தில் விரலை வைத்தான். "முதல் படத்தில தோளில காண்டாக்கம்பு, ரெண்டு பக்கமும் பால் வாளி. கடைசிப் படத்தில வாளி சரிஞ்சு பால் ஓடுது, கம்பை ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கிறார். நீதான் கீறியிருக்கிறாய். இடையில அவர் என்ன செய்தவர்?"

வாசு அவன் வாயிலேயே ஓங்கிக் குத்தினான். தம்புவின் உதடு கிழிந்து ரத்தம் கண்ணாடிமேல் சொட்டியது. வாசு மறுபடி குத்தினான். தம்பு திருப்பி அடிக்கவில்லை. சட்டை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, "கீறிப் பார். பிழையெண்டா என்னைக் கொல்லு" என்றான்.

வாசு வரைந்தான். தோளிலிருந்து கம்பு நழுவுகிறது. வாளிகள் விழுகின்றன. கம்பு சுழன்று வருகிறது. மண்டியிட்ட அப்பாவின் பிடரியில் விழுகிறது. அப்பா முன்னால் சாய்கிறார். கங்காணியின் தடி ஓங்கியபடியே நிற்கிறது. கை தானாக ஓடியது. ஒரு தாளைக்கூடக் கிழிக்கவில்லை. புரட்டிப் பார்த்தபோது அசைவு எண்ணெய் விட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தடி விழுந்ததை அவன் பார்க்கவே இல்லை. ஓங்கியதும் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கண்ணால் கண்டதும் பொய் என்பார்கள். இவன் காணாததைச் சொல்லி ஒருவனை ஒன்பது வருஷமாக உள்ளே வைத்திருக்கிறான். அவன் எப்பேர்ப்பட்ட பாவியாக இருந்தால்தான் என்ன? அன்றிரவு வாசு தாள்களை அடுக்கிக் கையில் பிடித்தபடி தம்புவின் வீட்டிலேயே கிடந்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. நாகையா ரயில்வே லயத்து வாசலில் கண்ணாடியை ஆணியில் மாட்டி முகம் சிரைத்துக்கொண்டிருந்தார். இதை வெளியே சொன்னால் சித்தப்பாவைத் தூக்கில்கூடப் போடலாம். சொல்லாவிட்டால் இன்னும் மூன்று வருஷம் அந்த வெறியன் செய்யாத குற்றத்துக்குக் கிடப்பான். வழியெல்லாம் தாள்களைக் கிழித்து எறிய நினைத்து நினைத்து வந்த வாசு, படங்களை ஒரு கட்டாக அவர் கையில் கொடுத்தான்.

நாகையா சோப்பு நுரையோடு முதல் தாளைப் பார்த்தார். கட்டைவிரலால் ஒருமுறை புரட்டினார். கத்தி கீழே விழுந்தது.

"இவ்வளவு மெதுவா இல்லய்யா" என்றார். மறுபடி சடாரென்று புரட்டினார். "இப்படி. இந்த வேகம். மெதுவா வந்திருந்தா நான் நிறுத்தியிருப்பேன்ல?"

வாசு அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அறைந்தான். ஆணியிலிருந்து கண்ணாடி விழுந்து நொறுங்கியது. "எங்கப்பனைக் கொன்னுட்டு எனக்குச் சோறு போட்டியா? என்னைப் பொய் சொல்ல வச்சியே!"

நாகையா அவன் கையை விலக்கப் பார்க்கவில்லை. மூச்சுத் திணறியபடியே பேசினார். "கங்காணி மண்டையத்தான் பார்த்து வீசினேன். உங்கப்பன் மண்டி போட்டிருந்தான், அவன் தலைக்கு மேல போயிருக்கும். படத்துல அடி விழற வரைக்கும் அவனை மண்டியிலயே வச்சிருக்க. அது தப்பு. நடுவுல ஒரு படம் குறையுது."

"என்ன படம்?"

நாகையா தலையை ஆட்டினார். வாசு பிடியை இறுக்கினான்.

"சொல்லு!"

"வேணாம்யா."

"சொல்றியா, கொல்லவா?"

"எந்திரிச்சான்யா. கம்பு பாதி வந்தப்ப எந்திரிச்சுட்டான்." அவர் கண்ணீர் நுரையோடு கலந்து வழிந்தது. "நீ 'அப்பா'ன்னு கத்துன. உன்னைப் பார்க்க எந்திரிச்சான்."

வாசுவின் கை தானாக விழுந்தது. ஒன்பது வருஷமாகத் தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும் இவர் வாயை மூடவில்லை என்பது அவனுக்குப் புரிந்தது. புரிந்ததும் அவர்மேல் இருந்த வெறி எல்லாம் தன்மேலேயே திரும்பியது. நெற்றியைச் சுவரில் மோதிக்கொண்டான். இரண்டாம் முறை மோதுவதற்குள் நாகையா குறுக்கே கையை வைத்துவிட்டார். அவர் விரலில் தோல் பிய்ந்தது.

இருவரும் உடைந்த கண்ணாடியைப் பொறுக்கி ஓரத்தில் குவித்தார்கள். பிறகு நாகையா பாதி சிரைத்த முகத்தைத் துடைத்துக்கொண்டு வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டார்.

"ஸ்டேஷனுக்குப் போவோம், வா. அடிச்சதை நான் சொல்றேன். கண்ணை மூடிக்கிட்டதை நீ சொல்லு. மத்தது அவங்களுக்கு எதுக்கு? அத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"கொஞ்சம் இருங்க சித்தப்பா" என்றான் வாசு.

ஒரு தாளை எடுத்து முழங்காலில் வைத்து வரைந்தான். பாதி எழுந்து திரும்பிப் பார்க்கிற அப்பா. எதிரே, கண்ணை இறுக மூடி, வாயைத் திறந்தபடி ஒரு பையன். அதை ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் செருகி, படங்களைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, நாகையாவோடு நடந்தான்.